மழை கழுவாத மருந்து

என் பழைய அலுவலகத்தில் இப்போது க்ளெய்ம்களைக் கணினியே எழுதிவிடுகிறதாம். அங்கே வேலை பார்க்கும் வித்யா போன வாரம் போனில் சொன்னாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"மேம், இன்வென்ஷன் பத்தி நாலு லைன் டைப் பண்ணா போதும், க்ளெய்ம் எல்லாம் ஃபடாஃபட் வந்துடுது. கோஸ்லா சார்தான் ஒத்துக்கவே மாட்டேங்கறார். நஃபீசா கேஸ் மாதிரி ஒண்ணு வந்தா இந்த மெஷின் என்ன பண்ணும்னு கேக்கறார். அது என்ன கேஸ் மேம்? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

"எழுதறேன். ஆனா தமிழ்லதான் எழுதுவேன்."

"சலேகா மேம், பரவால்ல. அம்மா படிச்சுச் சொல்லுவாங்க."

ஆகவே இதை வித்யாவின் அம்மாவுக்காக எழுதுகிறேன். எங்கள் தொழிலின் சொல் ஒன்று மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அவர் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசாங்கம் சில காலத்துக்குக் கொடுக்கும் பாதுகாப்புதான் காப்புரிமை. அந்தப் பாதுகாப்பு எதுவரை என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலத்துக்கு வேலி போடுகிற மாதிரி. அந்த வாக்கியத்துக்குப் பெயர் க்ளெய்ம். அதை எழுதுவதும், அதற்காகச் சண்டை போடுவதும்தான் முப்பது வருடங்களுக்கு மேல் என் பிழைப்பு. நன்றாகவே செய்தேன். தன்னடக்கம் எனக்குக் கைவந்ததே இல்லை, இந்த வயதில் புதிதாகப் பழகிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்து, கல்லூரியில் வேதியியல் முடித்தேன். வீட்டில் எல்லோரும் நான் டீச்சராவேன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். 'வேதியியல் தெரிந்தவர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஜங்புராவில் கோஸ்லா என்ற காப்புரிமை வழக்கறிஞரிடம் போனேன். கீழே உலர்சலவைக் கடை, மேலே எங்கள் அலுவலகம். வேலை பார்த்துக்கொண்டே காப்புரிமை முகவர் பரீட்சை எழுதித் தேறினேன். பெயிண்ட், பசை, சாயம், பூச்சிமருந்து என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட கேஸ்கள் எல்லாம் என் மேஜைக்கு வந்தன. எனக்கு அவை பிடித்திருந்தன.

கோஸ்லா சாரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாத மனிதர். கத்தினால்கூடத் தேவலை என்று நினைக்க வைப்பவர். அவர் அறையில் க்ளெய்ம் வாசிப்பது ஒரு சடங்கு. முதலில் எல்லோரும் டீயைக் குடித்து முடித்து, கோப்பைகள் வெளியே போய்விட வேண்டும். ஜூன் மாத வெயிலிலும் கூலரை நிறுத்திவிடுவார். அந்தச் சத்தத்தில் வாக்கியத்தின் ஓட்டை கேட்காதாம். எழுதியவர் நின்றுகொண்டு உரக்க வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். ஏதாவது ஒரு சொல் வரும்போது பென்சில் மேலே எழும்பும்.

"ருகோ. இஸ் லஃப்ஸ் ஸே கௌன் ருகேகா?"

நிறுத்து, இந்த வார்த்தை யாரைத் தடுக்கும் என்று அர்த்தம். அவர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். பதிலாக ஒரு ஆளைக் காட்ட வேண்டும். எப்படிப்பட்ட திருடன், எந்த வழியில் வருவான், இந்தச் சொல் அவனை எப்படி மறிக்கும். காட்ட முடியாவிட்டால் அந்தச் சொல்லை வெட்டிவிடுவார். 'சிவப்பு நாற்காலி' என்று எழுதினால் நீல நாற்காலி செய்கிறவன் தப்பித்துவிடுவான், 'நாற்காலி' என்று மட்டும் எழுது என்பது அவர் கட்சி. வாக்கியம் முழுவதும் தேறினால் பென்சிலை மேஜைமேல் வைப்பார். சபாஷ், அச்சா, எதுவும் கிடையாது. பென்சில் கீழே இறங்கினால் அன்று நாங்கள் வெளியே போய்ச் சாப்பிடுவோம்.

முதல் வருடம் பாத்ரூமில் போய் அழுதேன். இரண்டாம் வருடம் பதில் பேச ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு அவரிடம் வாதாட வேண்டிய விஷயம் எதுவானாலும் மற்றவர்கள் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நஃபீசா வந்தாள். கம்பத்துப் பெண். அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே திராட்சைத் தோட்டம். டெல்லியில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, கையிலிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, நொய்டாவில் ஒரு வாடகை ஷெட்டில் சொந்தமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கதவிலிருந்த என் பெயரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க தமிழாக்கா? அப்ப நான் தமிழ்லயே சொல்லிர்றேன். திராட்சைக்குப் பூஞ்சை வரும்ல, அதுக்கு மருந்து அடிப்போம். அடிச்ச அன்னைக்கே மழை பெஞ்சா அம்புட்டையும் கழுவிட்டுப் போயிரும். மழை விட்டதும் மறுபடி அடிக்கணும். எங்க அத்தா அடிச்ச மருந்துல பாதி இலையில இல்லக்கா, மண்ணுல கெடக்கு."

அவள் கண்டுபிடித்தது இதுதான். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் ஒரு பாலிமர் உண்டு. அதை அமிலம் சேர்த்த தண்ணீரில் கரைத்தால் அதற்கு நேர்மின்னேற்றம் வரும். அவள் எடுத்துக்கொண்ட பூஞ்சைமருந்துக்கு இருப்பது எதிர்மின்னேற்றம். இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. அந்தக் கூட்டுப்பொருள் இலையில் ஒட்டிக்கொண்டு, மழைக்கு அசையாமல், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

கோஸ்லா சார் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தெரிஞ்ச பாலிமர், தெரிஞ்ச மருந்து. ரெண்டையும் கலந்திருக்காங்க. இதுல என்ன இன்வென்ஷன்?"

அவர் சொன்னது சட்டம். நம் காப்புரிமைச் சட்டத்தில் எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. தெரிந்த பொருள்களை வெறுமனே கலந்து, அவற்றின் குணங்கள் புதிதாக எதையும் உண்டாக்காமல் தனித்தனியாகவே நின்றால் அது கண்டுபிடிப்பு அல்ல. பூச்சிமருந்து கேஸ்களில் பாதி இந்தப் பள்ளத்தில்தான் விழும்.

"சார், பால்ல முழு எலுமிச்சம்பழத்தைப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது."

"பிழிஞ்சு விட்டா?"

பால் திரிந்து பனீராவதைப் பற்றிப் பஞ்சாபிக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "டீக் ஹை, எழுது" என்றார்.

எழுதினேன். அந்த பாலிமரை அமிலநீரில் கரைத்து, பூஞ்சைமருந்தோடு பிணைத்து உண்டாக்கிய கூட்டுப்பொருள் என்பது க்ளெய்மின் சாரம். கூலர் நின்றது. நான் எழுந்து வாசித்தேன். 'கரைத்து' என்ற இடத்தில் பென்சில் எழும்பியது.

"இந்த வார்த்தை யாரைத் தடுக்கும்?"

"யாரையும் தடுக்காது சார். ஆனா இது இல்லாட்டி நாமளே நிக்க முடியாது."

"நாளைக்கு ஒருத்தன் கரைக்காமலே செஞ்சுட்டு வருவான். அந்தப் பொண்ணு இங்க வந்து அழும்."

"கரைக்காம இது உண்டாகாது."

"அப்படின்னா எழுத வேண்டிய அவசியமே இல்லையே."

நல்ல வக்கீல்தான், என்ன செய்வது. ஆனால் பழைய வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றை நான் படித்திருந்தேன். அதில் இதே பாலிமரைத் தூளாகவே மருந்துத் தண்ணீரில் போட்டுத் தெளித்திருந்தார்கள். 'கரைத்து' என்பதை எடுத்துவிட்டால் அந்தக் கட்டுரைக்கும் நஃபீசாவுக்கும் நடுவே சுவரே இல்லை. இதைச் சொன்னேன். கோஸ்லா சார் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தேன்.

காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் அறிக்கை வந்தது. எதிர்பார்த்த ஆட்சேபங்கள்தான். வெறும் கலவை என்றது. தெரிந்த மருந்தின் புது வடிவம், கூடுதல் பலன் எங்கே என்றது. பயிருக்கு இதைத் தெளிக்கும் முறையையும் இன்னொரு க்ளெய்மாக நாங்கள் கேட்டிருந்தோம், அது விவசாய முறை, நம் சட்டத்தில் அதற்குக் காப்புரிமை கிடையாது என்றது. அந்த க்ளெய்மை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது நஃபீசாவுக்கு மனசு ஆறவில்லை.

"தெளிக்கிறதுக்குத்தானேக்கா செஞ்சேன். அதையே விட்டுக்குடுத்தா எப்பிடி?"

"தெளிக்கறது எல்லா விவசாயிக்கும் சொந்தம்மா, உங்க அத்தாவுக்கும் சேர்த்து. மருந்தை மட்டும் நீ வச்சுக்கோ" என்றேன்.

அவள் யோசித்துவிட்டுச் சிரித்தாள். மற்ற ஆட்சேபங்களுக்கு அவள் செய்த சோதனைகளைப் பதிலாகக் கொடுத்தோம். திராட்சை இலைகளில் மூன்று விதமாகத் தெளித்திருந்தாள். மருந்து மட்டும், பழைய கட்டுரை சொன்ன தூள் கலவை, இவளுடைய கூட்டுப்பொருள். செயற்கை மழை பெய்வித்த பிறகு முதல் இரண்டும் கழுவிக்கொண்டு போயின. இவளுடையது நின்றது. ஆய்வாளர் திருப்தி அடைந்த மாதிரித்தான் தெரிந்தது. சோனிபத்தில் ஒரு தொழிற்சாலைக்காரர் காப்புரிமை வந்த மறுநாளே தயாரிப்பை ஆரம்பிக்கிறேன் என்று காத்திருந்தார்.

அப்போதுதான் எதிர்ப்பு மனு வந்தது. காப்புரிமை கொடுப்பதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்பது நம் சட்டம். மனு லட்சுமி நகரில் குடியிருக்கும் ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. அவருக்கும் திராட்சைக்கும் உள்ள சம்பந்தம் அதைச் சாப்பிடுவது மட்டும்தான் என்று பந்தயம் கட்டுவேன். அவருக்காக ஆஜரானவரோ ஒரு பெரிய பூச்சிமருந்துக் கம்பெனியின் நிரந்தர வக்கீல். இப்படி முகமூடி போட்டுக்கொண்டு வருவது எங்கள் தொழிலில் சகஜம்.

முகமூடி எனக்குப் பொருட்டில்லை. கூடவே வந்த பிரமாணப் பத்திரம்தான் அடித்துப் போட்டது. ஒரு ஆய்வுக்கூடத்தின் நிபுணர், பழைய கட்டுரையின் கலவையைத் தானே செய்து பார்த்ததாகவும், அதுவும் நஃபீசாவின் கூட்டுப்பொருள் அளவுக்கே மழையில் நின்றதாகவும் சத்தியம் செய்திருந்தார். அப்படியானால் பிணைப்பு என்ற பேச்சே வீண், வெறும் கலவையே போதும். மனுவில் இன்னும் ஒரு படி மேலே போய், விண்ணப்பதாரர் காட்டிய முடிவுகள் பொய் என்று எழுதியிருந்தார்கள்.

சோனிபத்துக்காரர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நஃபீசா வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். காப்புரிமை போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான், பொய்க்காரி என்ற பெயரோடு பழைய வேலையும் கிடைக்காது. ஆனால் அவள் அதையெல்லாம் பேசவில்லை.

"நான் பொய் சொல்றவளாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவள் சோதனைத் தாள்கள் ஒவ்வொன்றையும் நான் பார்த்தவள். கூலரை நிறுத்தினேன். எழுந்து நின்று, அந்தப் பிரமாணப் பத்திரத்தை க்ளெய்ம் மாதிரி உரக்க வாசித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனேன். இலையின் வயது இருந்தது, மழையின் அளவு இருந்தது, தெளிப்பானின் விவரம் இருந்தது. மூடுபனி போலத் தெளிக்கும் மிக நுண்ணிய நாசில் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அங்கே நின்றேன்.

"நஃபீசா, தூள் கலவையை நீ எந்த நாசில்ல அடிச்ச?"

"பெரிய ஓட்டை நாசில்லதாங்க்கா. சின்னதுல அடிச்சா தூள் போய் அடைச்சுக்கிரும். அடைச்சு அடைச்சு உசுர வாங்கிருச்சு."

"இவங்களுக்கு மட்டும் எப்படி அடைக்கல?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கரைச்சிருக்காங்கக்கா."

"வெறும் தண்ணில கரையுமா?"

"ம்ஹூம். வினிகர் மாதிரி ஏதாச்சும் அமிலம் ஊத்தினாத்தேன்..." பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கலவை என்று சொல்லி அவர்கள் செய்து பார்த்தது எங்கள் கண்டுபிடிப்பையேதான்.

இது வேதியியல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கரையாமல் கிடக்கும் தூளைப் பார்த்துக்கொண்டு எங்களால் சும்மா இருக்க முடியாது. கை தானாக அமிலப் புட்டியைத் தேடும். அந்தப் பழைய கட்டுரையின் தூள் கலவை ஆய்வுக்கூடத்தில் யாருக்கோ அருவருப்பாக இருந்திருக்கும், நல்லெண்ணத்தில் கரைத்துவிட்டார்கள். பொய் சொல்லவில்லை. செய்ததைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் என் ஊகம். எதிர்த்தரப்பு நிபுணரை நான் குறுக்கு விசாரணை செய்ய இந்த விசாரணையில் வழியில்லை. முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் மட்டும் கேள்வி கேட்கலாம். கோஸ்லா சார் வேறொரு ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்து அவர்களைக் கிழித்துவிடலாம் என்றார்.

"வேண்டாம் சார். அவங்க சோதனையை அப்படியே ஒத்துக்கப் போறேன்."

"பாகல் ஹோ கயி ஹோ?" என்றார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அவர் கேட்டது அது முதல் தடவை இல்லை.

விசாரணை வீடியோவில் நடந்தது. கோஸ்லா சாருக்குத் திரை பிடிக்காது. கேமராவில் படாத இடத்தில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, பென்சிலோடு உட்கார்ந்துகொண்டார். நஃபீசா என் பக்கத்தில். எதிர்த்தரப்பு வக்கீல் நீளமாக, அழகாகப் பேசினார். அவர் பக்கத்தில் நிபுணர். கன்ட்ரோலர் அமைதியான பெண்மணி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார்.

என் முறை வந்தது. எதிர்த்தரப்பு நிபுணரின் சோதனை மிகவும் நேர்த்தியானது என்று ஆரம்பித்தேன். அதன் முடிவுகளில் ஒன்றைக்கூட மறுக்கப் போவதில்லை என்றேன். பக்கத்தில் கோஸ்லா சார் கண்ணைத் திறப்பது தெரிந்தது. அவ்வளவு நுண்ணிய நாசிலில் தூள் அடைத்துக்கொள்வதுதான் எங்கள் அனுபவம், இவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்ற விவரம் மட்டும் பதிவில் இல்லை, அது இருந்தால் சோதனை முழுமையாகும் என்று சொல்லி நிறுத்தினேன்.

கன்ட்ரோலர் எழுதுவதை நிறுத்தினார். நிபுணரைப் பார்த்து, "தூளை எப்படித் தெளித்தீர்கள்?" என்று கேட்டார்.

பாராட்டைக் கேட்ட நிபுணர் வகுப்பெடுக்கும் உற்சாகத்தில் இருந்தார். "தூளாகத் தெளிக்கவே முடியாது மேடம். முதலில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்துத் தெளிவாக்கினோம். மருந்தைச் சேர்த்ததும் பால் மாதிரி வெள்ளையாகத் திரண்டது. அதைத்தான் தெளித்தோம்."

வக்கீல் அவசரமாக மைக்கை அணைத்தார். திரையில் அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. நிபுணரின் முகம் மெல்ல மாறியது.

கன்ட்ரோலர் என்னிடம் கேட்டார். "அப்படியானால் இவர்கள் சோதித்தது எதை?"

"எங்கள் முதல் க்ளெய்மை, மேடம். அமிலநீரில் கரைத்து, மருந்தோடு பிணைத்து. மழையில் நின்றது என்று அவர்களே சத்தியம் செய்திருக்கிறார்கள். விண்ணப்பதாரரின் முடிவுகள் உண்மை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்களுக்குக் கிடைத்திருக்காது."

மேஜைக்குக் கீழே நஃபீசா என் கையைப் பிடித்து நசுக்கினாள். விரல் வலித்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அந்த அலுவலகத்தில் அனுபவித்ததில்லை.

எதிர்ப்பு தள்ளுபடியானது, காப்புரிமை கிடைத்தது. உத்தரவில் எதிர்த்தரப்பின் சோதனையையே எங்களுக்கு ஆதாரமாகக் காட்டியிருந்தார் கன்ட்ரோலர். சோனிபத்துக்காரருக்குத் திடீரென்று போன் பேச வந்துவிட்டது. நஃபீசாவின் அத்தா கம்பத்திலிருந்து போன் செய்து, "மக பேரு நின்னுருச்சும்மா" என்றார். அவரோடு சேர்ந்து நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

சிறிது காலம் கழித்து, நான் ஓய்வு பெறவிருந்த சமயத்தில், அந்தப் பெரிய கம்பெனியின் வக்கீல் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். இந்தத் தடவை முகமூடி இல்லை. நஃபீசாவின் மருந்தைத் தாங்களும் தயாரிக்க லைசென்ஸ் வேண்டும் என்றார். நஃபீசா எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"குடுக்கலாம். முதல்ல என் முடிவைப் பொய்யின்னு எழுதுனாங்கள்ல, அதைத் தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்கக்கா. பெறகு பேசுவோம்."

நான் அதை இந்தியில் சொன்னேன். வக்கீல் தலையசைத்து, எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து எழுந்தவரைக் கோஸ்லா சார் உட்கார விடவுமில்லை, போக விடவுமில்லை. டீக் கோப்பைகளை வெளியே அனுப்பினார். கூலரை நிறுத்தினார். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், முதல் க்ளெய்மை வாசியுங்கள் என்றார்.

வக்கீல் நின்றுகொண்டே வாசித்தார். 'கரைத்து' வந்ததும் பென்சில் எழும்பியது.

"ருகோ. இந்த வார்த்தை யாரைத் தடுக்கும்?"

வக்கீல் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்களை, சார்" என்றார்.

கோஸ்லா சார் பென்சிலை மேஜைமேல் வைத்தார்.